உபகாரச் சம்பளம் முதல் ஓய்வூதியம் வரை

நேயர்களே, பழைய தமிழ் அகராதிகளில் 'உபகாரச் சம்பளம்' என்றொரு சொல் காணப்படும். உத்தியோகத்திலிருந்து விலகிய ஒருவருக்குச் சர்க்கார் மாதந்தோறும் கொடுத்துவந்த பணத்தை நம் பாட்டனார் காலத்தவர் அவ்வாறு அழைத்தனர். நாம் அதனை 'ஓய்வூதியம்' என்கிறோம். கைக்கு வரும் பணம் ஒன்றே; எனினும், இரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. உபகாரம் என்பது கொடுப்பவர் மனமுவந்து செய்வது. கொடாமற் போனால் கேட்பதற்கு இடமில்லை. ஊதியம் என்பது உழைத்தவர் ஈட்டியது. கொடாமற் போனால் கேட்கலாம், வழக்கும் தொடுக்கலாம். மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் எனக்கு இவ்விரு சொற்களும் அடிக்கடி எதிர்ப்படுவதுண்டு. ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லுக்கு இந்நாடு வந்து சேர்ந்த வழியையே இன்று கூற விரும்புகிறேன்.

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்திருக்கும் நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் மாலை வேளையில் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கும் தமிழர் பலரும் தம் இளமையை இந்நகருக்குக் கொடுத்தவர்களே. முதுமையில் சாய்ந்துகொள்ள அவர்களுக்கு இங்கே வயலும் இல்லை, பங்காளிகளும் இல்லை. ஆதலால், வேலையில் சேரும் முதல் நாளன்றே 'எனக்கு எது உரியது? முதலாளி என் பொருட்டு எவ்வளவு செலுத்துவார்?' என்று கேட்டறிவது நமக்குப் பிறரினும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. இக்கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, நாம் வாழும் இவ்வங்க நாட்டிலேயே உருவாயிற்று.

கம்பெனி ஆட்சியின் தொடக்கத்துக்குச் செல்வோம். 1744-இல் சென்னையில் சாதாரண எழுத்தராக வந்திறங்கிய ராபர்ட் கிளைவ், பின்னர் வங்காளத்தின் கவர்னரானார். நவாப் மீர் ஜாபர் தமக்கென விட்டுச்சென்ற ஐந்து லட்ச ரூபாயைக் கொண்டு ஒரு நிதி அமைக்க அவர் இசைந்தார். கம்பெனியின் படையில் ஊனமுற்றோருக்கும், இறந்தவர்களின் விதவைகளுக்கும் உதவுவதற்காக 1770-இல் அந்நிதி நிறுவப்பெற்றது. ஒரு நவாபின் பொருள், ஒரு பிரபுவின் மனம், ஒரு கம்பெனியின் தயவு ஆகிய மூன்றும் கூடிப் பிறந்த உதவி அது. பெறுபவருடைய உரிமை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

கல்கத்தா இந்நாட்டின் தலைநகராயிருந்த நாட்களில், 1871-ஆம் ஆண்டில், ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டத்தின் இரு விதிகள் சிந்திக்கத்தக்கவை. அரசு அளிக்கும் ஓய்வூதியத்தைக் கடன்காரர் எவரும் நீதிமன்றத்தின் வழியே பற்றுதல் ஆகாது என்றது ஒரு விதி. அவ்வூதியத்தைக் குறித்துக் கலெக்டரின் சான்று இல்லாமல் உரிமை வழக்குத் தொடுத்தலும் ஆகாது என்றது மற்றொரு விதி. முதியவரின் பணத்தைப் பிறர் பறிக்க இயலாது. அரசே நிறுத்திவிட்டால் அம்முதியவர் தாமாகச் சென்று முறையிடவும் இயலாது. உபகாரச் சம்பளம் என்ற பெயர் எத்துணைப் பொருத்தம் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இது சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் நிலை. ரெயில்வே ஊழியர்களுக்கு இவ்வுபகாரமும் இருந்ததில்லை. அவர்களுக்கு வாய்த்தது 'பிராவிடண்ட் பண்டு' எனப்படும் சேமநிதியே. ஊழியர் தம் சம்பளத்தில் ஒரு பங்கைச் செலுத்துவார். நிர்வாகமும் ஒரு பங்கு சேர்க்கும். பணி முடிந்த அன்று மொத்தமாகப் பணம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். கரக்பூரிலும் கார்டன் ரீச்சிலும் பணியாற்றிய தென்னிந்தியர் பலர் இவ்வகையினரே. சுதந்திரத்துக்குப் பின்னரே ரெயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் வந்தது. 1957 நவம்பர் 16-ஆம் தேதியிலும் அதன் பின்னரும் சேர்ந்தவர்களுக்கு அது தானாகவே உரியதாயிற்று. முன்னரே பணியிலிருந்தவர்கள் சேமநிதியையோ ஓய்வூதியத்தையோ தேர்ந்துகொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. அத்தகைய வாய்ப்பு பின்னரும் பலமுறை அளிக்கப்பட்டது.

பெருந்தொகை ஒரே முறையில் கைக்கு வருவது பலருக்கு மேலானதாகத் தோன்றியது. சேமநிதியையே பிடித்துக்கொண்டு ஓய்வு பெற்றார்கள். பின்னர் விலைவாசி ஏறியது. வாங்கிய தொகை கரைந்தது. ஓய்வூதியம் பெற்றவர்களின் நிலையோ உயர்ந்துகொண்டு சென்றது. தமக்கும் அது வேண்டுமென்று சிலர் உச்சநீதிமன்றத்தை அணுகினர். 1990-இல் கிருஷ்ணகுமார் வழக்கில் நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. சேமநிதியில் அரசின் கடமை ஊழியர் ஓய்வு பெறும் நாளோடு முடிவடைகிறது. ஓய்வூதியத்திலோ அந்நாளில்தான் தொடங்குகிறது. ஆகவே இருவரும் ஒரே வகுப்பினர் ஆகார் என்பது தீர்ப்பின் கருத்து. சேமநிதிக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

இனி, சர்க்காரும் ரெயில்வேயும் அல்லாத பெருங்கூட்டத்தைப் பார்ப்போம். 1855-இல் ஹூக்ளி நதிக்கரையில் ரிஷ்ரா என்னுமிடத்தில் முதல் சணல் ஆலை எழுந்தது. பின்னர் நதியின் இரு கரைகளிலும் ஆலைகள் பெருகின. பீகார், ஐக்கிய மாகாணம், ஒரிஸ்ஸா, சென்னை மாகாணத்தின் வடகோடி ஆகிய இடங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தனர். உடலில் வலுவுள்ளவரை ஆலையில் உழைத்தார்கள்; வலுக் குன்றியபோது ஊர் திரும்பினார்கள். ஆலை லாபம் எடுத்துக்கொண்டது. முதுமையைக் கிராமம் ஏற்றுக்கொண்டது. கிராமத் தொடர்பு தொழிலாளிக்கு ஒருவகைக் காப்பீடு போன்றது, அதனைப் பேணுதல் வேண்டும் என்ற எண்ணம் 1931-இல் அறிக்கை அளித்த விட்லி தொழிலாளர் ஆணைக்குழுவிடமும் இருந்தது. நிலமில்லாத தொழிலாளியை அக்காப்பீடு எவ்வாறு காக்கும்?

மேனாடுகளில் இக்கேள்விக்கு முன்னரே விடை தேடியிருந்தனர். ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் காலத்தில், 1889-இல், முதுமைக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுபது வயது நிரம்பிய ஏழையருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. நம் நாட்டில் சில நிறுவனங்கள் தாமாகவே முன்வந்தன. ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பாலை 1920-இலேயே சேமநிதியைத் தொடங்கியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு 1948-இல் தனிச் சட்டம் ஏற்பட்டது. ஆயினும், பெரும்பாலான தொழிலாளர் இவற்றுக்கு வெளியே நின்றனர்.

1951 நவம்பர் 15-ஆம் தேதி தொழிலாளர் சேமநிதி அவசரச் சட்டம் பிறந்தது; 1952 மார்ச்சு 4-ஆம் தேதி அது பாராளுமன்றச் சட்டமாயிற்று. அதனைக் கொண்டுவந்த அரசு தன் நோக்கத்தை ஒளிவின்றிக் கூறியது. முதுமைக்கும் குடும்பத்துக்கும் ஓய்வூதியம் அளிப்பதே சிறந்த முறை. ஆனால், நாட்டின் அன்றைய நிலையில் அண்மைக் காலத்தில் அது இயலாது. பணிக்கொடை மட்டும் அளிக்கலாம். தொழிலாளியின் பங்கு அதில் சேராமையால் தொகை சிறிதாகவே அமையும். ஆகவே, இருவரும் செலுத்தும் சேமநிதியே தக்க வழி என்று முடிவு செய்யப்பட்டது. சிறந்ததற்கு வழியில்லாமையால் அடுத்தது தேர்ந்துகொள்ளப்பட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் நன்று.

முதலில் ஆறு தொழில்களே சட்டத்துக்குள் வந்தன: சிமெண்டு, சிகரெட்டு, பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி. சணல் ஜவுளியில் அடங்கியதால், ஹூக்ளிக் கரை ஆலைகளுக்குத் தொடக்கத்திலேயே இது பொருந்தியது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிலகமாக இருத்தல் வேண்டும். அடிப்படைச் சம்பளம் மாதம் 300 ரூபாய்க்கு மேற்படாதவராக இருத்தல் வேண்டும். ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியிருத்தல் வேண்டும். தொழிலாளியின் சந்தா நூற்றுக்கு ஆறேகால். அதாவது, ரூபாய்க்கு ஓரணா. முதலாளியும் ரூபாய்க்கு ஓரணா. எழுதப்படிக்கத் தெரியாதவரும் விரல்விட்டுக் கணக்கிடக்கூடிய விகிதம் அது.

நேயர்களே, ஓராண்டு என்ற அவ்விதியைச் சற்றே கவனியுங்கள். நிலையான வேலைக்காரருக்கு அது பொருட்டன்று. வராதவர் இடத்தில் அன்றன்று ஏறி வேலை செய்யும் 'பத்லி' ஆளுக்கோ, ஓராண்டுத் தொடர்ச்சியைக் காட்டுவது எளிதன்று. சட்டத்தின் கதவு திறந்திருந்தும் வாசற்படி உயரமாயிருந்தது. அப்படியைத் தாழ்த்தும் வேலையே பின்வந்த நாற்பது ஆண்டுகளின் வரலாறு எனலாம். 1960-ஆம் ஆண்டின் இறுதியில் ஐம்பது பேர் என்பது இருபதாகக் குறைந்தது. 1990 நவம்பர் முதல் தேதியிலிருந்து, பணியில் சேரும் முதல் நாளிலேயே உறுப்பினராகும் உரிமை வந்தது. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் அளிக்கப்பட்டுவந்த விலக்கு 1997-இல் நீங்கியது. அதே ஆண்டில் சந்தா விகிதம் பெரும்பாலான நிறுவனங்களுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு ஆயிற்று.

பணிக்கொடையிலும் வங்காளம் முந்திக்கொண்டது. 1970-இல் கேரளமும், 1971-இல் மேற்கு வங்காளமும் தனியார் நிறுவனங்கள் கட்டாயமாகப் பணிக்கொடை அளித்தல் வேண்டுமென்று சட்டமியற்றின. அதன் பின்னரே, 1972-இல், இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பணி செய்தவருக்கு, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்பது அச்சட்டம் வகுத்த பொதுவிதி.

1952-இல் இயலாது என்று கூறப்பட்ட ஓய்வூதியம் மெல்ல மெல்ல வந்தது. 1971 மார்ச்சு முதல் தேதி குடும்ப ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 1995 நவம்பர் 16-ஆம் தேதி, உழைத்தவருக்கே உரிய ஓய்வூதியத் திட்டமாக அது விரிந்தது. அதன் கணக்கை எளிதாகவே கூறிவிடலாம். தொழிலாளியின் பன்னிரண்டு பங்கும் சேமநிதிக்கே செல்லும். முதலாளியின் பன்னிரண்டு பங்கில் 8.33 ஓய்வூதியத்துக்கும், எஞ்சிய 3.67 சேமநிதிக்கும் பிரியும். மத்திய அரசு 1.16 பங்கு சேர்க்கும். பத்தாண்டுப் பணியும் 58 வயதும் நிறைந்தால் மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு. கணக்கிற்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தல் வேண்டும். சம்பளம் 15,000 ரூபாய், பணி 14 ஆண்டு என்று கொண்டால், மாதம் 3,000 ரூபாய் வரும். பணியிலிருக்கும்போதே ஒருவர் இறந்தால், ஒரு மாதச் சந்தாவே செலுத்தப்பட்டிருந்தாலும், அவர் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு என்பதும் இத்திட்டத்தின் விதியாகும்.

2014 செப்டம்பர் முதல் தேதி மற்றொரு கோடு வரையப்பட்டது. உச்சவரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ஆக உயர்ந்தது. குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்றாயிற்று. ஆயின், அந்நாளிலோ அதன் பின்னரோ முதன்முறையாகச் சேர்ந்து, 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறுபவருக்கு இவ்வோய்வூதியத் திட்டத்தில் இடமில்லை என்றும் விதிக்கப்பட்டது. முதலாளியின் பங்கு முழுவதும் அவருடைய சேமநிதிக்கே செல்லும். புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் சம்பளச் சீட்டைப் பார்த்து, 'ஓய்வூதியக் கணக்கில் ஏன் ஒன்றும் இல்லை?' என்று மயங்குவதற்கு இதுவே காரணம்.

அரசு ஊழியர்களிடம் மீண்டும் வருவோம். ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடையன்று, உரிமை என்று 1971-இலேயே உச்சநீதிமன்றம் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் கூறியது. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் அக்கருத்து மேலும் உறுதி பெற்றது. 1979 மார்ச்சு 31-க்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் உயர்ந்த விகிதம் என்று அரசு வரைந்திருந்த கோட்டை அத்தீர்ப்பு அழித்தது. ஓய்வூதியம் தயவுமன்று, பிச்சையுமன்று. செய்த பணிக்குரியது என்பது அதன் சாரம். ஓய்வூதியர் சங்கத்தினர் டிசம்பர் 17-ஐத் தங்கள் நாளாகக் கொண்டாடுவது இதனாலேயே. 'உபகாரச் சம்பளம்' என்ற சொல்லின் காலம் அன்றோடு முடிந்தது என்று கூறினால் மிகையாகாது.

ஆனால், உரிமை நிலைபெற்ற பின்னரும் கோடு வரைதல் நிற்கவில்லை. 2003 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் பணியில் சேர்வோருக்குத் தமிழ்நாடு அரசு பங்களிப்பு ஓய்வூதியத்தை விதித்தது. 2004 ஜனவரி முதல் தேதியிலிருந்து, படைவீரர் நீங்கலாக, மத்திய அரசில் சேர்வோருக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஊழியர் நூற்றுக்குப் பத்தும், அரசு நூற்றுக்குப் பத்தும் செலுத்தும். அரசின் பங்கு 2019 ஏப்ரலில் பதினான்காயிற்று. செலுத்துவது எவ்வளவு என்பது உறுதி. முதுமையில் வருவது எவ்வளவு என்பது சந்தையைப் பொறுத்தது. மேற்கு வங்காள அரசோ இத்திட்டத்தில் சேரவில்லை. தன் ஊழியருக்குப் பழைய ஓய்வூதியத்தையே வைத்துக்கொண்டது.

இதன் விளைவை என் அலுவலகத்துச் சாளரத்திலிருந்தே காண்கிறேன். என் மேசைக்கு அடுத்த மேசையில் அமர்ந்திருந்த மூத்தவர் அக்கோட்டுக்கு முன்னர்ச் சேர்ந்தவர். அவருக்குப் பழைய ஓய்வூதியம். நான் பின்னர்ச் சேர்ந்தவன். வீதிக்கு எதிர்ப்புறத்தில் மாநில அரசில் பணி செய்யும் நண்பர் எனக்குப் பின் சேர்ந்தும், அவருக்குப் பழைய முறையே. ஒரே நகரம், ஒரே வகைக் கோப்பு, ஒரே தேநீர்க்கடை. முதுமை மட்டும் வேறு. கோட்டுக்கருகில் நின்றவர்களின் குறை கேட்கப்படாமலும் போகவில்லை. 2003 டிசம்பர் 22-ஆம் தேதிக்கு முன் விளம்பரம் செய்யப்பட்ட பதவிகளில் பின்னர்ச் சேர்ந்தவர்கள் பழைய முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று 2023 மார்ச்சு 3-ஆம் தேதி அரசு அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஒன்றையும் மத்திய அரசு விருப்பத் தேர்வாக அளித்தது. இருபத்தைந்து ஆண்டு பணி செய்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்பது அதன் உறுதிமொழி. 'எவ்வளவு வரும்' என்ற கேள்விக்கு மீண்டும் ஒரு விடை கிடைத்தது.

எனக்குத் தெரிந்த தமிழர் ஒருவரைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். தனியார் நிறுவனங்களில் கணக்கு எழுதியவர். 1996 முதல் இருபத்தாறு ஆண்டுகளில் நான்கு இடங்களில் வேலை பார்த்தார். ஒவ்வோர் இடத்தை விட்டு நீங்கும்போதும் சேமநிதியையும், ஓய்வூதியக் கணக்கில் திரும்பப் பெறக்கூடியதையும் முழுவதும் வாங்கிக்கொண்டார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை தங்கையின் திருமணம். ஒருமுறை தந்தையாரின் மருத்துவச் செலவு. ஒருமுறை ஊரில் இடிந்த சுவரைக் கட்டும் செலவு. 58-ஆம் வயதில் அவர் விண்ணப்பம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். கணக்கிட்டுப் பார்த்தோம். உழைத்தது இருபத்தாறு ஆண்டு. ஏட்டில் எஞ்சியிருந்தது கடைசி ஏழாண்டு. பத்தாண்டு என்ற வாசற்படியை அவரால் ஏற முடியவில்லை. கிடைத்த சிறுதொகையுடன் ஹௌராவில் சென்னை மெயில் ஏறினார்.

பணத்தை எடுக்காமல் பணியாண்டுகளைக் காக்கும் வழியும் அத்திட்டத்திலேயே இருந்தது. ஓரிடத்துக் கணக்கை அடுத்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது, பணியாண்டுகளைக் குறிக்கும் திட்டச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொள்ளலாம். 2014-இலிருந்து உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எத்தனை வேலை மாறினாலும் மாறாத ஒரே எண் அளிக்கப்பட்டது. 2025 ஜனவரியிலிருந்து எந்த ஊரின் வங்கிக் கிளையிலும் ஓய்வூதியம் பெறும் ஏற்பாடும் வந்தது. கொல்கத்தாவில் உழைத்தவர் கும்பகோணத்தில் வாங்கிக்கொள்ளலாம். இவை நம் நண்பருக்குத் தெரிந்திருந்தால், அவர் வேறு வழியில் கடன் பெற்றேனும் அவ்வாண்டுகளைக் காத்திருப்பார் என்றே நான் எண்ணுகிறேன்.

ஆகவே, புதிதாக வேலையில் சேரும் இளைஞர் நான்கு செய்திகளை முதல் மாதத்திலேயே உறுதி செய்துகொள்ளுதல் நன்று. சேர்ந்த தேதி ஏட்டில் சரியாகப் பதிந்திருக்கிறதா? முதலாளியின் பங்கு மாதந்தோறும் செலுத்தப்படுகிறதா? அதில் ஓய்வூதியத்துக்குச் செல்வது எவ்வளவு? தமக்குப் பின் பெறவேண்டியவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா? இவற்றைக் கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை. நம் பாட்டனார் கேட்கத் தயங்கினர். அவர்களுக்குக் கிடைத்தது உபகாரம் என்று பெயரிடப்பட்டிருந்தது. நமக்குக் கிடைப்பது ஊதியம் என்று சட்டமும் தீர்ப்பும் கூறிவிட்டன. ஈட்டியவரே அதன் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.